நோவுக்கு எத்தனை பெயர்

பாயிண்ட் ஷூவின் மூக்குக்குள் மரக்கட்டை இருக்கிறது என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அம்மம்மா அதைக் கையில் எடுத்து, மேசையில் இரண்டு தட்டுத் தட்டி, "உள்ளுக்குப் பலகைதான்" என்று முடிவே கட்டிவிட்டார். மரம் கிடையாது. சாக்குத் துணி, கடதாசி, பசை மூன்றையும் அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்த ஒரு சின்னப் பெட்டி அது. ஐந்து விரல்களும் அதற்குள் நெருங்கி நிற்க வேண்டும். உள்ளங்காலுக்கு அடியில் விறைப்பான ஒரு பட்டை. வெளியே பளபளக்கும் சாட்டின். பசையும் கடதாசியும் என்பதால் வியர்வையில் இளகிவிடும். பெரிய குழுக்களில் ஆடும் பெண்கள் ஒரே இரவில் ஒரு சோடியைத் தீர்த்துவிடுவதும் உண்டு. 2008-ல், பன்னிரண்டு வயதில், எனக்கு வாங்கிய முதல் சோடியின் விலை 35 பவுண்டு. முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்த அம்மாவுக்கு அது ஆறு மணி நேரக் கூலி. எங்கள் வீட்டில் விலைகளை அப்படித்தான் சொல்வோம்.

லண்டனின் வடமேற்கில், தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கும் ஒரு பகுதியில் வளர்ந்தேன். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் பரதநாட்டியம். செவ்வாய், வியாழன் மாலைகளில் தேவாலய மண்டபம் ஒன்றில் பாலே. பாலேக்குப் போனதற்குப் பெரிய கதை இல்லை. அம்மாவின் வேலை முடிய ஏழு மணியாகும், மண்டபம் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருந்தது, கட்டணமும் குறைவு. எனக்கு அதில் ஆசை பிறந்தது பிறகுதான்.

பாயிண்டுக்குப் போவதற்கு எங்கள் வகுப்புப் பெண்கள் பதவி உயர்வுக்குக் காத்திருப்பதுபோலக் காத்திருந்தோம். வயது வந்தால் மட்டும் போதாது. பாதத்து எலும்புகள் அந்த வயதில் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். கணுக்காலும் தொடையும் இடுப்பும் வயிறும் சேர்ந்து உடம்பைத் தூக்கிப் பிடிக்கத் தெரியாத பிள்ளையை விரல் நுனியில் ஏற்றினால் முழுப் பாரமும் அந்தப் பிஞ்சு எலும்புகளில் இறங்கும். எங்கள் ஆசிரியை ஒற்றைக் காலில் நிற்கவைத்து, எதையும் பிடிக்காமல் குதிகாலை உயர்த்தி இறக்கச் சொல்வார். இருபது முறை. பத்தொன்பதாவதில் கணுக்கால் வெளிப்பக்கம் சாய்ந்தாலும் "அடுத்த தவணை பார்க்கலாம்." நான் இரண்டு தவணை காத்திருந்தேன்.

வகுப்பில் இருந்த ஒரே பையனுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. நாங்கள் ஷூ கட்டும் நேரத்தில் அவன் மண்டபத்தின் மறுபக்கம் பாய்ச்சல் பழகுவான். பாலேயில் ஆண் பாயிண்டில் ஆடுவது அபூர்வம். ஃபிரெடெரிக் ஆஷ்டன் 1964-ல் அமைத்த 'தி ட்ரீம்' நாட்டியத்தில் பாட்டம் என்கிற பாத்திரம் ஆடுவான், கழுதைத் தலை மாட்டிக்கொண்டு. 1974-ல் நியூயார்க்கில் தொடங்கிய ட்ரொக்கடெரோ குழுவில் ஆண்கள் பெண் வேடத்தில் ஆடுவார்கள். நன்றாகவே ஆடுவார்கள், ஆனால் அரங்கம் வந்திருப்பது சிரிப்பதற்கு. நுனிக்காலில் ஆண் நின்றால் வேடிக்கை, பெண் நின்றால் தேவதை.

ஷூவைக் கடையில் வாங்கி வந்தாலும் நாடாவை நாமேதான் தைக்க வேண்டும். ஆசிரியை பார்த்துச் சரி சொல்லும்வரை ஊசி படக் கூடாது. அளவு பிழைத்தால், தைத்த ஷூவைக் கடையில் திருப்பி எடுக்கமாட்டார்கள். பிறகு குதிப் பக்கத்தை உள்ளே மடித்து, மடிப்பு விழும் இடத்தில் பென்சிலால் குறி வைத்து, ஓரத்தில் ஓடும் சுருக்குக் கயிற்றில் ஊசி ஏறாமல் தைக்க வேண்டும். சாதாரண நூல் அறுந்துவிடும் என்பதால் பல்லிடுக்குச் சுத்தம் செய்யும் மெழுகு நூலால் தைப்பது எல்லோருக்கும் தெரிந்த வழி. நாடாவின் நுனி பிரியாமல் இருக்க அம்மா அதைக் காஸ் அடுப்பு நெருப்பில் ஒரு கணம் காட்டி எடுத்தார். இரவு பத்தரை மணி, வேலைச் சீருடைகூடக் கழற்றவில்லை. "இவ்வளவு காசு குடுத்தும் தைச்சுத் தரமாட்டினமோ?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஷூவும் காலுறையும் ஒரே ரோஜா நிறத்தில் இருப்பது வெறும் அழகுக்காக மட்டும் அல்ல. இடுப்பிலிருந்து விரல் நுனிவரை கால் ஒரே கோடாகத் தெரிய வேண்டும் என்பது கணக்கு. யாருடைய காலை மனதில் வைத்துப் போட்ட கணக்கு என்பது கண்ணாடி முன்னால் நின்றால் விளங்கும். என் கைகள் ஒருத்தியுடையவை, கால்கள் வேறொருத்தியுடையவை. கறுப்பினப் பெண்கள் பல தலைமுறையாக முகப் பூச்சை வாங்கி ஷூவின் மீது ஒற்றி ஒற்றித் தங்கள் நிறத்துக்குக் கொண்டுவந்தார்கள். லண்டனின் ஃப்ரீட் நிறுவனம், பாலே பிளாக் குழுவோடு சேர்ந்து, பழுப்பு நிறப் பாயிண்ட் ஷூக்களைக் கடைக்குக் கொண்டுவந்தது 2018-ல்தான். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது, பாயிண்டை விட்டு ஐந்து வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் ஒரு சோடி வாங்கினேன். இன்னும் நாடா தைக்கவில்லை.

முதல் நாள் பாயிண்ட் வகுப்பு பதினைந்து நிமிடம்தான். கம்பியைப் பார்த்து நின்று, இரண்டு கையாலும் பிடித்து, குதி, பாதம், அரை விரல் என்று படிப்படியாக எழும்பி, கடைசியில் நுனி. எழும்பியதும் முதலில் தோன்றியது உயரம் அல்ல, சத்தம். புது ஷூ தரையில் 'டொக்' என்று அடிக்கும். எட்டுப் பெண்கள், பதினாறு ஷூ, மண்டபம் குதிரை லாயம்போல ஒலித்தது. அந்தச் சத்தத்தைப் போக்குவதற்காகவே ஷூவைப் படிக்கட்டில் அடித்து மெதுவாக்குவார்கள். மேடையில் தேவதைகளுக்குக் காலடிச் சத்தம் இருக்கக் கூடாது.

சத்தத்துக்குப் பிறகு பாரம். உடம்பு முழுவதும் பெருவிரல் நுனியில் வந்து இறங்கியது, யாரோ விரலின் மேல் கதவைச் சாத்துவதுபோல. "ஷூவுக்குள்ளே உட்காராதே, அதிலிருந்து மேலே ஏறு" என்றார் ஆசிரியை. முதலில் அது எனக்குப் புரியவில்லை. தரையைக் கீழே தள்ளுகிறேன் என்று நினைத்து, அடிவயிற்றை உள்ளே எடுத்து, தொடைகளை இறுக்கியபோது, ஒரு கணம், ஒரே ஒரு கணம், விரல்களில் பாரம் குறைந்தது. கம்பியில் என் கை சும்மா கிடந்தது. அந்தக் கணத்தில் என் உடம்பில் தளர்ந்த தசை ஒன்றுகூட இருந்திருக்காது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கோ நான் ஒன்றுமே செய்யாமல் மிதப்பதுபோல இருந்திருக்கும். கடுமையான உழைப்பு, அது உழைப்பாகத் தெரியக் கூடாது. வீட்டு வேலைக்கும் இந்த விதிதான் என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன்.

இதைத் தொடக்கிவைத்தவர் என்று எல்லா நூல்களும் சொல்வது மரீ தாக்லியோனியை. 1832-ல் பாரிஸ் ஓபராவில் 'லா சில்ஃபீட்' ஆடினார். காற்றுத் தேவதை வேடம். அவருக்கு முன்பும் பெண்கள் நுனிக்காலில் நின்றதுண்டு. அதை வித்தையாகக் காட்டாமல் ஆட்டத்தோடு கலந்தது அவர்தான். அவர் காலத்தில் இந்தப் பெட்டி கிடையாது. மென்மையான சாட்டின் செருப்பு, ஓரங்களிலும் நுனியிலும் ஊசித் தையலால் கொஞ்சம் பலப்படுத்தியது, அவ்வளவுதான். பிறகு இருந்ததெல்லாம் கால். தகப்பன் ஃபிலிப்போ அவரை நாளுக்கு ஆறு மணி நேரம் பழக்கினார் என்கிறார்கள். நாட்டியத்தை அமைத்தவரும் அந்தத் தகப்பனே. கதையில் அந்தத் தேவதை பிடிக்க வரும் ஆணின் கைக்குள் அகப்படாதவள். அவன் சால்வையைப் போர்த்தியதும் சிறகு உதிர்ந்து சாகிறாள். காற்றாக இருக்கும்வரை அழகு, கைக்குள் வந்தால் சாவு. இதைவிட வெளிப்படையாக ஒரு கதை எழுத முடியாது.

தாக்லியோனி பிற்காலத்தில் வளர்த்தெடுத்த எம்மா லிவ்ரி என்ற பெண்ணின் முடிவு கதை அல்ல. 1862-ல் ஒத்திகையின்போது மேடை விளக்கின் காஸ் நெருப்பு அவர் பாவாடையில் பற்றியது. அடுத்த வருடம், 21 வயதுகூட நிறையாமல் இறந்தார். நெருப்புப் பிடிக்காத மருந்தில் தோய்த்த துணி அப்போதே இருந்தது. அது துணியை விறைப்பாக்கி மங்கலாக்கும் என்பதால் அவர் உடுக்க மறுத்திருந்தார். பாரமே இல்லாதவளாகத் தெரிவதற்கு அந்த மேடை என்ன விலை கேட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

எங்கள் விலைகள் சிறியவை. கொப்புளம், கறுத்த நகம், பெருவிரலின் பக்கத்தில் உரிந்த தோல். உடை மாற்றும் அறையில் அவை பதக்கங்கள். இரத்தம் கசிந்த விரல்காப்பை எடுத்துக் காட்டுவோம், யாருக்கு மோசம் என்று ஒப்பிடுவோம். வலிக்கிறது என்று வகுப்பில் சொல்பவள் மட்டும் ஒரு படி கீழே.

எங்கள் ஆசிரியை இதை வேறு விதமாகக் கையாண்டார். தானும் மேடையில் ஆடியவர், ஐம்பது வயதுக்குள் இடுப்பு மூட்டைத் தேய்த்துக்கொண்டவர். "வலிக்கிறதா?" என்று அவர் கேட்டதே இல்லை. "எந்த வலி?" என்று கேட்பார். தோலிலா, தசையிலா, எலும்பிலா? ஆடும்போதா, ஆடி முடித்த பிறகா, காலையில் எழுந்ததுமா? ஒரு விரலால் தொட்டுக் காட்ட முடிகிறதா, இல்லை உள்ளங்கை வைத்துக் காட்ட வேண்டியிருக்கிறதா? தோல் வலி பழகும். தசை வலி ஓய்வில் போகும். ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய எலும்பு வலியோடு என் வகுப்புக்குள் யாரும் ஆடக் கூடாது, கணுக்காலின் பின்பக்கம் கிள்ளுவதுபோல இருந்தாலும் ஆடக் கூடாது என்பார்.

எனக்கு இருந்த ஆங்கிலத்தில் வலிக்கு ஒரே சொல்தான் வாயில் வந்தது. மிச்சச் சொற்கள் வீட்டில் இருந்தன.

யாழ்ப்பாணத்தில் வலியை நோ என்போம். வகுப்பு முடிந்து வரும் இரவுகளில் அம்மம்மா ஒரு பேசினில் சுடுநீரும் உப்பும் கலந்து என் காலை வைக்கச் சொல்வார். கதிரைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து கேட்பார். "நோகுதோ, உளையுதோ?" நடந்து களைத்த கால் உளையும். நெடுநேரம் நின்ற கால் கடுக்கும். கொப்புளம் எரியும். கறுத்த நகம் விண் விண் எண்டு தெறிக்கும். தசை பிடித்தால் இழுக்கும். மடித்து இருந்தால் விறைக்கும். எலும்பு எண்டால் குத்தும். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் வேறு வேறு வைத்தியம் இருந்தது. உளைவுக்குச் சுடுநீர், இழுப்புக்கு நல்லெண்ணெய், எரிவுக்கு ஒன்றும் பூசக் கூடாது. "குத்தினா மட்டும் சொல்லு பிள்ளை, அது வேற." ஆங்கிலம் இரண்டு வாக்கியத்துக்கு மேல் தெரியாத அம்மம்மாவும் தமிழ் ஒரு சொல்லும் தெரியாத ஆசிரியையும் ஒரே பாடத்தை நடத்திக்கொண்டிருந்தார்கள். இருவரும் ஒரே ஒருமுறைதான் சந்தித்தார்கள். தவணை முடிவில் நாங்கள் ஆடிக்காட்டியதைப் பார்த்துவிட்டு வெளியே வந்த அம்மம்மா, "எங்கட ஆட்டம் நிலத்தை உதைச்சு ஆடுறது. இது நிலத்துக்குத் தெரியாமல் ஆடுற மாதிரியல்லோ கிடக்கு" என்றார். ஆசிரியைக்கு அதை நான் மொழிபெயர்த்தேன். அவர் அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டார்.

பாயிண்ட் தொடங்கிய அதே வருடம்தான் நான் பெரியபிள்ளையானேன். பதினோரு நாள் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் உழுத்தங்களியும். சாமத்திய வீட்டுக்கு மண்டபம் எடுத்து, முந்நூறு பேரைக் கூப்பிட்டு, பல்லக்கில் வைத்துத் தூக்கிவந்தார்கள். இரண்டு வீடியோக்காரர்கள். என் கால் நகங்கள் இரண்டு கறுத்துக் கிடந்ததால் மாமி பாதத்தில் மருதாணியைத் தடிப்பாகப் போட்டு மறைத்தார். அந்த விழா வேண்டுமா என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை, அது தனிக் கதை.

பதினான்கு வயதில் மாதவிடாய் நின்றது. ஐந்து மாதம் வரவில்லை. அப்போது நான் வாரத்துக்கு நான்கு நாள் ஆடிக்கொண்டிருந்தேன், பரீட்சைக்கான மேலதிக வகுப்புகள் வேறு. மாலை வகுப்பிருந்தால் வயிறு நிறையச் சாப்பிடாமல் போவது எல்லோருடைய வழக்கமும். உடை மாற்றும் அறையில் மாதவிடாய் வராதது அதிர்ஷ்டம். வெள்ளை உடை, வெளிர்க் காலுறை, பயப்பட ஒன்றுமில்லை. வந்ததற்கு முந்நூறு பேர் விருந்து சாப்பிட்டார்கள். நின்றதை வீட்டிலும் சரி, வகுப்பிலும் சரி, எவரும் கவனிக்கவில்லை.

அந்தப் பங்குனியில் இடது பாதத்தில் குத்து வந்தது. இரண்டாவது விரலுக்கு நேரே மேலே, பாதத்தின் நடுவில், பட்டாணி அளவு இடம். எங்கள் ஆசிரியை அப்போது இடுப்பு அறுவைச் சிகிச்சைக்காக விடுப்பில் இருந்தார். அவருக்குப் பதிலாக வந்தவரிடம் சொன்னேன். "எல்லோருக்கும் வலிக்கும். முகத்தில் தெரியாமல் பார்த்துக்கொள்" என்றார். நான் ஷூவைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தேன். மிச்ச நாற்பது நிமிடமும் எழும்பவில்லை. ஒரு பெரியவர் சொன்னதை அவர் முன்னாலேயே செய்யாமல் விட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. அழுத்தத்தால் எலும்பில் விழும் மயிர்க்கோட்டு முறிவு தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சாதாரணம் என்று பிறகுதான் அறிந்தேன். முதல் மருத்துவர் சுளுக்கு என்று அனுப்பினார். நான் மீண்டும் போய், அதே புள்ளியை அதே விரலால் காட்டினேன். எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தது, இரண்டாவது பாத எலும்பின் அடியில். பாயிண்ட் ஆடும் பெண்களுக்கு வழக்கமாக விரிசல் விழும் இடமே அதுதானாம்.

அதைப் பார்த்த பெண் மருத்துவர் காலைப் பற்றிக் கேட்டது குறைவு. "கடைசியாக எப்போது மாதவிடாய் வந்தது?" என்றார். பக்கத்தில் இருந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். உடைந்தது கால், இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது? மருத்துவர் பொறுமையாக விளக்கினார். செலவழிக்கும் சக்திக்குச் சாப்பாடு ஈடுகட்டாவிட்டால் உடம்பு சிக்கனம் பிடிக்கும். முதலில் நிறுத்துவது கருப்பையின் வேலையை. ஈஸ்ட்ரோஜன் குறையும், எலும்பு பலமிழக்கும். இது புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல. தொழில்முறை பாலே ஆடும் பெண்களில் பூப்படையத் தாமதமானவர்களுக்கும் மாதவிடாய் நின்றுபோனவர்களுக்கும் எலும்பு முறிவு அதிகம் என்று நியூயார்க்கில் மிஷெல் வாரனும் சக ஆய்வாளர்களும் 1986-லேயே எழுதிவிட்டார்கள். நான் பிறப்பதற்குப் பத்து வருடம் முன்பு. அந்தச் செய்தி தேவாலய மண்டபத்தின் உடை மாற்றும் அறைவரை வந்து சேரவில்லை.

பேருந்தில் வரும்போது அம்மா வெளியே பார்த்தபடி, "எனக்கும் கப்பலில வந்த வருசம் முழுக்க நிண்டது. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை" என்றார். இந்தியாவுக்கும் பிறகு இங்கேயும் வந்த கதையை அம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். இது அதில் இருந்ததில்லை.

ஆறு கிழமை ஓய்வு, பிறகு மூன்று மாதம் தட்டைக் காலில் பயிற்சி, மதியச் சாப்பாடு கட்டாயம். ஆசிரியை ஊன்றுகோலோடு திரும்பி வந்ததும் உடை மாற்றும் அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டினார். மாதவிடாய் மூன்று மாதம் வராவிட்டால் அதுவும் காயம், என்னிடம் சொல்ல வேண்டும் என்று. பெற்றோர் சிலர் அதைக் கிழிக்கச் சொன்னார்கள். கிழிக்கவில்லை. நான் திரும்பவும் பாயிண்ட் ஏறினேன், பரீட்சை எழுதினேன், பதினேழு வயதில் பல்கலைக்கழகத்துக்குத் தயாராக வேண்டியிருந்ததால் நிறுத்தினேன். தொழிலாக ஆடும் அளவுக்கு என்னிடம் எதுவும் இருக்கவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

போன மாரியில் அம்மம்மாவை மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அதுவரை மாமாதான் கூட்டிப்போய் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். மருத்துவரின் கணினியில் மூன்று வருடப் பதிவும் ஒரே வரி: கால் வலி, வயோதிகம். மாமா பொய் சொல்லவில்லை. அம்மம்மா சொன்ன எல்லாச் சொல்லும் அவருக்கு அந்த ஒரே சொல்லாகத்தான் கேட்டிருக்கிறது.

ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு வலி என்று மருத்துவர் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். "நோவுக்கு மாக்ஸ் போடுறதோ?" என்று அம்மம்மா சிரித்தார். அந்தக் கேள்வியை விட்டுவிட்டு நான் கேட்டேன்.

"நோகுதோ, உளையுதோ அம்மம்மா?"

"ரெண்டும் இல்லைப் பிள்ளை. எரியுது. இரவில கூட. விடிய விறைச்சுப் போய்க் கிடக்கும்."

"ஒரு விரலால காட்டுங்கோ பாப்பம்."

அவரால் காட்ட முடியவில்லை. இரண்டு கையாலும் விரல் நுனியிலிருந்து கணுக்கால்வரை, காலுறை போடுவதுபோல இழுத்துக் காட்டினார். மருத்துவர் தட்டச்சு செய்வதை நிறுத்தினார். அம்மம்மாவுக்கு நீரிழிவு வந்து பதினெட்டு வருடம். இழுப்பறையிலிருந்து மெல்லிய நைலோன் இழை பொருத்திய ஒரு குச்சியை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு, பாதத்தில் தொடும்போதெல்லாம் 'ஓம்' சொல்ல வேண்டும் என்று நான் விளக்கினேன். அம்மம்மா கண்ணை இறுக்கி மூடி, சின்னப் பிள்ளைபோலக் கவனமாக இருந்தார். மருத்துவர் பெருவிரலின் அடியில் இழையை வைத்து, அது வளையும்வரை அழுத்தினார். பிறகு நடுவிரலில். பிறகு குதியில்.

கொஞ்ச நேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலே, அம்மம்மா என்னைக் கேட்டார்:

"ஏன் பிள்ளை, அவ இன்னும் தொடங்கேல்லையோ?"